டிப்டி கலெக்டர் வரைந்த ஷரத்துகள்



சிறை சென்ற தேசபக்தர் ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லப் புகுகிறவனுக்குக் கதை தானாகவே அமைந்துவிடுகிறது. ஊர்வலமும் தடியடியும் தீர்ப்பும் விடுதலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, பேசுகிறவனுடைய குறைகளையெல்லாம் மறைத்து விடுகின்றன. நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் அந்த உபகாரத்தை எதிர்பார்க்க முடியாது. தேசம் கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் அவர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார், பட்டங்கள் பெற்றார், கடற்கரைக் கூட்டங்களில் அவர் குரல் கேட்டதில்லை. அவர் செய்ததெல்லாம் எழுதியதுதான். குறிப்பு எழுதினார், அறிக்கை எழுதினார், சட்டத்துக்கு நகல் எழுதினார். ஆயினும் காஷ்மீரம் இந்தியாவோடு எந்த முறையில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதும், தமிழன் டில்லிக்கு எந்த மொழியில் கடிதம் எழுதலாம் என்பதும், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் ரயில் எந்த நிர்வாகத்தின் கீழ் ஓட வேண்டும் என்பதும் அவருடைய பேனாவைத் தொட்டுத்தான் தீர்மானமாயின. ந. கோபாலசாமி ஐயங்கார் என்ற அந்தப் பெயரை இன்று நம்முடைய கல்லூரி மாணவர்களில் பத்துப் பேரிடம் சொன்னால், ஒருவராவது யார் என்று சொல்லக்கூடுமா என்பது எனக்குச் சந்தேகமே.

1882-ஆம் ஆண்டு மார்ச்சு 31-இல் தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர் அவர். சென்னையில் வெஸ்லி பள்ளியிலும் ராஜதானிக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று, 1904-இல் பச்சையப்பன் கல்லூரியில் சிறிது காலம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, மறு ஆண்டே டிப்டி கலெக்டராக மாகாண உத்தியோகத்தில் பிரவேசித்தார். அக்காலத்து நிர்வாகத்தில் இருந்த மேல்படி, கீழ்ப்படி விவகாரம் இன்றைய தலைமுறைக்குத் தெரியாதாகையால் அதை ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஐ.சி.எஸ். என்ற மேல்வாசல் ஒன்று உண்டு. அதற்குப் பரீட்சை லண்டனில் நடந்தது. கப்பல் ஏறிப் போய் வரப் பணமும் துணிச்சலும் உள்ளவர்களுக்கே அது திறந்தது. மற்றவர்களுக்கு மாகாண உத்தியோகம் என்ற பக்கவாசல். அதன் வழியே உள்ளே வந்தவர், எவ்வளவு கெட்டிக்காரரானாலும், நேற்று வந்த வெள்ளைக்கார இளைஞரைத் துரை என்று அழைத்துக்கொண்டு அவர் கீழே வேலை பார்க்க வேண்டியதுதான். ஐயங்கார் அப்படிப் பதினைந்து வருஷம் பார்த்தார். 1920-இல் அவர் கலெக்டரானது, அந்த வாசல் வழியே வந்த ஒருவருக்கு எளிதில் கிடைக்கக்கூடிய ஸ்தானம் அன்று.

இந்தப் பதினைந்து வருஷப் பயிற்சியை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிப்டி கலெக்டர் என்பவர் கொள்கை வகுப்பவரல்லர். ஜமாபந்தி நடத்துகிறார், பட்டாத் தகராறு கேட்கிறார், தண்ணீர்த் தீர்வையைப் பற்றிய மனுவுக்கு உத்தரவு போடுகிறார். அவர் முன்னே வருகிற இரண்டு கட்சிக்காரர்களும் மறுநாளும் அதே கிராமத்தில்தான் வாழப்போகிறார்கள். ஆதலால் யாருடைய நியாயம் பெரிது என்று நிலைநாட்டுவதைக் காட்டிலும், இந்தச் சாகுபடி முடிகிற வரைக்கும் அடிதடியில்லாமல் காரியம் நடக்க என்ன வழி என்று பார்ப்பதே அவருடைய தொழில் தர்மமாகிவிடுகிறது. இறுதித் தீர்ப்பு வேறு எவருக்கோ உரியது; இடைக்கால உத்தரவு தனக்கு உரியது. பிற்காலத்தில் இந்தியாவின் மிகப் பெரிய வழக்குகள் இரண்டில் ஐயங்கார் இதே மனோபாவத்தோடுதான் பேனாவை எடுத்தார் என்பது என் அபிப்பிராயம். அவருடைய புகழுக்கும் பழிக்கும் அதுவே வேர்.

1921 முதல் ஏழு ஆண்டுகள் பஞ்சாயத்துகளின் தலைமைப் பதிவாளராகவும் ஸ்தல ஸ்தாபனங்களின் இன்ஸ்பெக்டராகவும் இருந்தார். அந்த ஆண்டுகளின் விசேஷத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இரட்டையாட்சி வந்து, ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபை அமைந்து, ஸ்தல சுயாட்சி இலாகா பானகல் ராஜாவின் கையில் இருந்த காலம் அது. உத்தியோகங்களில் பிராமணர்களின் ஆதிக்கத்தை எதிர்த்தே பிறந்த கட்சியின் மந்திரிக்குக் கீழே, ஜில்லா போர்டுகளையும் கிராமப் பஞ்சாயத்துகளையும் கண்காணிக்கும் வேலையை ஓர் ஐயங்கார் அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி பார்த்து வந்தார். தமக்கு உடன்பாடில்லாத எஜமானனுக்கும் குறைவின்றி வேலை செய்வது என்ற சிவில் உத்தியோகஸ்தனுடைய வித்தையை அங்கே அவர் நன்றாகக் கற்றிருக்க வேண்டும். அப்புறம் அனந்தபூர் ஜில்லாவில் கலெக்டர், பொதுமராமத்து இலாகாவில் காரியதரிசி, ரெவின்யூ போர்டில் அங்கத்தினர் என்று உத்தியோகம் போயிற்று. ஐம்பத்தைந்து வயதில் பென்ஷன் வாங்கிக்கொண்டு மயிலாப்பூரில் ஈஸிசேரில் சாய்ந்துவிடுவதுதான் அந்த வர்க்கத்தாரின் ஸம்பிரதாயம். ஐயங்காருக்கு அந்த வயதில்தான் உத்தியோகத்தின் இரண்டாவது பாகம் ஆரம்பமாயிற்று.

1937-இல் காஷ்மீர் மகாராஜா ஹரி சிங் அவரைப் பிரதம மந்திரியாக அழைத்துக்கொண்டார். சென்னை ராஜதானியிலிருந்து சமஸ்தானங்களுக்குத் திவான்கள் போவது புதிதன்று, ஸர் டி. மாதவ ராவ் திருவிதாங்கூர், இந்தூர், பரோடா என்று மூன்று சமஸ்தானங்களை நிர்வகித்த பிறகு, அது தென்னாட்டார் குலத்தொழில் போலவே ஆகிவிட்டிருந்தது. ஆனால் காஷ்மீரம் திருவிதாங்கூர் அன்று. பிரஜைகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அரசர் டோக்ரா ராஜபுத்திரர். 1931-இல் ஸ்ரீநகரில் துப்பாக்கிச் சூடு நடந்து, அதன் பின் விசாரணைக் கமிஷன் வைத்து, 1934-இல் பிரஜா சபை என்று ஒன்றை ஏற்படுத்தி, எழுபத்தைந்து அங்கத்தினரில் முப்பத்து மூவரை மட்டும் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஜனங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஷேக் அப்துல்லா என்ற இளைஞர் பொறுப்பாட்சி வேண்டும் என்று கிளர்ச்சி செய்துகொண்டிருந்தார்.

இங்கே ஐயங்கார் என்ன செய்தார்? இரண்டு செய்தார். 1938-இல் அவருடைய சர்க்கார் ஷேக் அப்துல்லாவைப் பிடித்துச் சிறையில் வைத்தது. 1939-இல் அவருடைய சர்க்கார் சமஸ்தானத்துக்குப் புதிய அரசியலமைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி தேர்ந்தெடுக்கப்படும் அங்கத்தினர்கள் நாற்பதாக உயர்ந்தார்கள். ஆகவே சபையில் முதல்முறையாக அவர்களுக்குப் பெரும்பான்மை கிடைத்தது. ஆனால் அதே சட்டத்தின் முற்பகுதியில், சட்டம் இயற்றுதல், நிர்வாகம், நீதி ஆகிய சகல அதிகாரங்களும் மகாராஜாவிடமே இயல்பாக உறைகின்றன என்றும் எழுதப்பட்டிருந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கியதாக இதைப் பரிகசிக்கலாம், பலர் பரிகசித்தார்கள். ஜனங்களைப் பாராமல் அரசரை மட்டும் பார்த்தவர் என்றும் சொல்லலாம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஒரு விஷயம் மட்டும் கவனிக்கத் தக்கது. இடைக்காலத்து ஏற்பாடாக அவர் அமைத்த அந்தச் சட்டம், மகாராஜா நாட்டை விட்டுப் போன பிறகும், முடியாட்சியே ஒழிந்த பிறகும், திருத்தங்களோடு அமலில் இருந்து, 1957 ஜனவரி 26-இல் காஷ்மீரத்தின் சொந்த அரசியலமைப்பு வந்த பிறகுதான் மறைந்தது.

மொழி விஷயமாகவும் அங்கே ஒரு முன்னோட்டம் நடந்தது. 1940-இல் பள்ளிக்கூடங்களில் போதனாமொழி எளிய உருதுவாகவே இருக்கும், ஆனால் பாரஸீக லிபியிலும் எழுதலாம், தேவநாகரியிலும் எழுதலாம் என்று உத்தரவு பிறந்தது. இருதரப்பாருக்கும் பாதி கிடைத்தபடியால் எவருக்கும் திருப்தியில்லை. முஸ்லிம்களின் தரப்பிலிருந்து பலமான எதிர்ப்பு வந்தது. அதே சமயத்தில் இங்கே தமிழ்நாட்டில் ராஜாஜி மந்திரிசபை கட்டாய ஹிந்தியைப் புகுத்தி, மறியலும் சிறையுமாக மாகாணமே அல்லோலகல்லோலப்பட்டு அடங்கியிருந்தது. தம்முடைய சொந்த மாகாணத்து மொழிக் கிளர்ச்சியை நேரில் காணாமல், இமயமலைச் சாரலில் வேறொரு மொழித் தகராறுக்கு மத்தியஸ்தம் செய்துகொண்டிருந்தவரிடம்தான் ஒன்பது ஆண்டுகள் கழித்து ஹிந்தி ஷரத்தின் நகல் வந்து சேர்ந்தது.

1943-இல் காஷ்மீரத்தை விட்டு வந்தவர், பழைய ராஜ்ய சபையில் அங்கத்தினரானார். அரசியலமைப்பு யோசனைகளைத் தயாரித்த ஸப்ரூ கமிட்டியில் இருந்தார். இந்தியப் படைகளில் ஆங்கில அதிகாரிகளுக்குப் பதிலாக இந்தியர்களை எவ்வளவு விரைவில் அமர்த்தலாம் என்று ஆராய்ந்த கமிட்டிக்குத் தலைமை வகித்தார். அரசியல் நிர்ணய சபைக்கு வந்து, 1947 ஆகஸ்டு 29-இல் அமைந்த நகல் கமிட்டியில் டாக்டர் அம்பேத்கருக்குத் துணையான அறுவரில் ஒருவரானார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அதில் இருந்தார், பின்னால் டி.டி. கிருஷ்ணமாசாரியும் வந்து சேர்ந்தார். இந்த டி.டி.கே.தான் சபையில் எழுந்து, நகல் கமிட்டி அங்கத்தினர் ஒருவர் இறந்துபோனார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் ராஜாங்க காரியங்களில் மூழ்கியிருந்தார், ஆகவே பாரமெல்லாம் அம்பேத்கர் தலைமீது விழுந்தது என்று பகிரங்கமாகச் சொன்னவர். அரசியலமைப்பில் ஐயங்காரின் பங்கைப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. மொத்தக் கட்டடத்தின் சிற்பி அம்பேத்கரே. எவரும் கை வைக்க அஞ்சிய இரண்டு மூலைகளை மட்டும் ஐயங்காரிடம் ஒப்படைத்தார்கள்.

முதல் மூலை காஷ்மீரம். 1947-இன் பிற்பகுதியில் ஜவஹர்லால் நேரு அவரை இலாகா இல்லாத மந்திரியாக எடுத்துக்கொண்டார். அக்டோபரில் மலைஜாதிப் படையெடுப்பு, மகாராஜாவின் இணைப்புப் பத்திரம், விமானத்தில் துருப்புகள் என்று நிகழ்ச்சிகள் மளமளவென்று நடந்துபோக, அந்த ராஜ்யத்தை ஆறு ஆண்டுகள் நிர்வகித்தவருடைய ஞானம் இன்றியமையாததாயிற்று. ஆனால் சமஸ்தான இலாகா ஸர்தார் பட்டேலுடையது. டிசம்பரில், காஷ்மீரத்துக்கு லாரிகள் அனுப்பும்படி ஐயங்கார் கிழக்குப் பஞ்சாப் சர்க்காரைக் கேட்டுக்கொண்டது பட்டேலுக்குத் தெரியவந்தது. தம் இலாகாவைத் தாண்டி இது எப்படி நடந்தது என்று அவர் கேட்டார். தாம் சொல்லித்தான் ஐயங்கார் செய்தார் என்று நேரு காரமாகப் பதில் எழுதினார். பட்டேல் ராஜினாமாக் கடிதமே எழுதிவிட்டார். இந்தியாவின் இரண்டு பெருந்தலைவர்களுக்கிடையே வந்த அந்தப் பிணக்கின் வெளிக்காரணம் இந்த லாரிகள்தாம் என்பதை நினைக்க வேடிக்கையாக இருக்கிறது. உத்தியோகஸ்தர் பக்கத்துத் தவறும் இதில் உண்டு: கோப்பு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை வாழ்நாளெல்லாம் பிறருக்குக் கற்பித்தவர், மந்திரியான சில மாதங்களிலேயே கோப்பை வேறு வழியில் அனுப்பிவிட்டார்.

1948 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் இந்தியாவின் வழக்கை எடுத்துரைக்க அவரே தூதுகோஷ்டித் தலைவராகச் சென்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஷேக் அப்துல்லாவும் ஒருவர். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பிரதம மந்திரி, மற்றவர் அவருடைய கைதி. இப்போது இருவரும் ஒரே கட்சி. இதைப் பற்றி இருவருமே பகையாக எதுவும் பேசியதாகத் தெரியவில்லை என்பது அந்தத் தலைமுறையின் குணம். ஜனவரி 15-இல் ஐயங்கார் பேசினார். ஜமாபந்தியில் வாதியின் மனு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது பேச்சு: சுருக்கம், ஒழுங்கு, கேட்ட நிவாரணம் ஒன்றே ஒன்று, அதாவது கொள்ளைக்காரர்களுக்குப் பாகிஸ்தான் உதவக் கூடாது என்பது. மறுநாள் பாகிஸ்தான் தரப்பில் ஜாபருல்லா கான் எழுந்தார், அவர் வக்கீல். இரண்டு நாட்களாக மணிக்கணக்கில் பேசி, ஜூனாகட், பஞ்சாப் படுகொலைகள், பிரிவினையின் துயரம் முழுவதையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார். அடுத்த வாரத்தில் சபை தன் நிகழ்ச்சி நிரலில் காஷ்மீர்ப் பிரச்சினை என்றிருந்த தலைப்பையே இந்திய-பாகிஸ்தான் பிரச்சினை என்று மாற்றிவிட்டது. ஐயங்கார் தோற்றார் என்று சொல்வதில் தவறில்லை. பிரிட்டன் முதலிய வல்லரசுகளின் உள்நோக்கங்கள் எதுவாயினும், சபையைக் கவரும் நாவன்மை அவருக்கு இல்லை. தாசில்தாரின் அறிக்கையைப் போல உண்மை தானே பேசிக்கொள்ளும் என்று நம்பிப் போனவர், நியூயார்க்கில் உண்மைக்கு வக்கீல் வேண்டியிருந்ததைக் கண்டார்.

அவருடைய களம் மேஜைதான். 1949 அக்டோபர் 17-இல் அரசியல் நிர்ணய சபையில் 306-ஏ என்ற ஷரத்தை அவர் பிரேரேபித்தார். அதுவே இறுதியில் 370-ஆவது ஷரத்தாயிற்று. நேரு அப்போது அமெரிக்காவில் இருந்தார். காங்கிரஸ் கட்சிக்குள் இந்த ஷரத்தை விரும்பியவர்கள் சிலரே. பட்டேல், தமக்கே முழு சம்மதமில்லாத ஒன்றைக் கட்சியின் தொண்டையில் இறக்கிக் கொடுத்தார். அந்நிய நாட்டு விவகாரம், பாதுகாப்பு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றும் யூனியனிடம். மற்றவை ராஜ்ய சர்க்காரின் சம்மதத்தோடு. அந்தச் சம்மதமும் காஷ்மீர அரசியல் நிர்ணய சபை கூடினபின் அதன் ஆமோதிப்புக்கு உட்பட்டது. மௌலானா ஹஸ்ரத் மொஹானி குறுக்கிட்டு, இந்தப் பாகுபாடு எதற்காக என்று கேட்டார். மற்ற ராஜ்யங்களைப் போல முழுமையாக ஒன்றுவதற்குக் காஷ்மீரம் இன்னும் பக்குவப்படவில்லை, அங்கே யுத்தம் நடந்தது, சண்டை நிறுத்தம் மட்டுமே இருக்கிறது, ஐக்கிய நாடுகளிடம் நாம் சிக்கியிருக்கிறோம், பிரதேசத்தில் ஒரு பகுதி எதிரியின் கையில் இருக்கிறது என்று ஐயங்கார் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். உணர்ச்சியே இல்லாத அந்தப் பதிலை இன்று படித்தாலும், காஷ்மீர விவகாரத்தைப் பற்றி நம் சட்டசபைகளில் பேசப்பட்டவற்றுள் மிகவும் யோக்கியமானது அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அன்றைய தினம் நடந்த மற்றொன்றையும் மறைக்கக் கூடாது. ராஜ்யத்தின் சர்க்கார் என்றால் எந்த மந்திரிசபை என்பதைச் சொல்லும் விளக்கத்தில், அப்போது காஷ்மீரத்தின் பிரதம மந்திரியாக இருந்த ஷேக் அப்துல்லாவோடு பேசி முடித்த நகலில், 1948 மார்ச்சு 5-ஆம் தேதிப் பிரகடனத்தின்படி நியமிக்கப்பட்ட மந்திரிசபை என்றிருந்தது. சபையில் வந்த பாடத்தில், அந்தப் பிரகடனத்தின் கீழ் அந்தந்தச் சமயத்தில் பதவியிலிருக்கும் மந்திரிசபை என்று மாறியிருந்தது. அப்துல்லா தம்மைக் கேட்காமல் மாற்றிவிட்டார்கள் என்று கொதித்து, சபையிலிருந்தே விலகிவிடுவதாகக் கடிதம் எழுதினார். அர்த்தத்தில் பேதமில்லை, மந்திரிகள் மாறினாலும் ஷரத்து செல்ல வேண்டுமல்லவா என்று ஐயங்கார் சமாதானம் சொன்னார். சட்ட நுணுக்கத்தில் அவர் சொன்னது சரியே. ஆனால் கைச்சாத்தான பத்திரத்தில் ஓர் எழுத்தை ஒரு தரப்பார் திருத்தினால் அந்தப் பத்திரத்தின் கதி என்ன என்பதைத் தஞ்சை ஜில்லாக் கர்ணம் எவரும் சொல்லிவிடுவார். 1953 ஆகஸ்டில் அப்துல்லா பதவியிலிருந்து இறக்கப்பட்டு, வேறொரு மந்திரிசபை அமைந்து, அதன் சம்மதத்தைக் கொண்டு மத்திய சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காஷ்மீரத்துக்கு நீட்டிக்கப்பட்டபோது, அந்தத் திருத்தத்தின் கனம் தெரிந்தது. அப்போது ஐயங்கார் உயிரோடில்லை.

இரண்டாவது மூலை மொழி. காஷ்மீர ஷரத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பாக, 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை, அரசியல் நிர்ணய சபை வேறெந்த விஷயத்திலும் காணாத வெப்பத்தோடு இதை விவாதித்தது. நகல் கமிட்டியின் மற்றோர் அங்கத்தினரான கே.எம். முன்ஷியும் ஐயங்காரும் சேர்ந்து அமைத்ததால் முன்ஷி-ஐயங்கார் ஏற்பாடு என்றே அதற்குப் பெயர். சபையில் பிரேரேபித்தவர் ஐயங்கார். தேவநாகரியில் எழுதப்படும் ஹிந்தி யூனியனின் ஆட்சிமொழி. ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு இங்கிலீஷ் முன்போலவே நடக்கும். அதற்குப் பின்பும் வேண்டுமானால் பார்லிமெண்டு சட்டம் செய்து இங்கிலீஷை நீட்டிக்கலாம். எண்கள் மட்டும் சர்வதேச உருவத்தில் இருக்கும். எண்களின் உருவத்துக்காக நாட்கணக்கில் சண்டை நடந்தது என்று இளைஞர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஹிந்திப் பிராந்தியத்தாருக்கு அது மானப் பிரச்சினையாகவும், தென்னாட்டாருக்கு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த பின் மிஞ்சிய ஒரே பிடிப்பாகவும் ஆகிவிட்டிருந்தது.

ஐயங்கார் தமிழர்களுக்குத் துரோகம் செய்தார் என்று பிற்காலத்தில் மேடைகளில் சொல்லப்பட்டதுண்டு. ஹிந்தியை ஏற்றுக்கொண்ட ஷரத்தைத் தமிழ் பேசுகிறவரே பிரேரேபித்தார் என்ற அளவில் குற்றச்சாட்டு புரிகிறது. ஆனால் நகலை மறுபடியும் நிதானமாகப் படியுங்கள். உடனே ஹிந்தி என்றவர்களிடமிருந்து பதினைந்து வருஷம் வாங்கியது யார்? பதினைந்து முடிந்த பின்பும் கதவைச் சாத்தாமல், பார்லிமெண்டு விரும்பினால் என்று ஒரு சந்து வைத்தது யார்? அந்தச் சந்தின் வழியேதான் 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1965 ஜனவரியில் நம்முடைய மாணவர்கள் தெருவுக்கு வந்து, உயிர்கள் பலியாகி, 1967-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டதும் அதன் வழியேதான். மாணவர்களின் கிளர்ச்சி இல்லாவிட்டால் சந்து இருந்தும் பிரயோஜனமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சந்து இல்லாதிருந்தால் கிளர்ச்சிக்கு அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்திருக்கும், அதற்கு வேண்டிய பெரும்பான்மை டில்லியில் எந்தக் காலத்திலும் கிடைத்திராது என்பதையும் அவரைத் தூற்றுகிறவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரயில்வே மந்திரியாக அவர் செய்ததை இங்கே விரித்துச் சொல்ல நேரமில்லை. அதில் சர்ச்சையும் குறைவு. கம்பெனி ரயில், சமஸ்தான ரயில் என்று சிதறிக் கிடந்தவற்றை ஆறு மண்டலங்களாகத் தொகுத்தார். 1951 ஏப்ரல் 14-இல் சென்னை-தென்மராட்டா ரயில்வேயும் தென்னிந்திய ரயில்வேயும் மைசூர் ரயில்வேயும் ஒன்றாகி முதலில் பிறந்தது நம்முடைய தெற்கு ரயில்வேதான். மறு வருஷம் அதே தேதியில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் வந்து ஏற்பாடு பூர்த்தியாயிற்று. 1949-இல் மத்திய சர்க்காரின் நிர்வாக யந்திரத்தைச் சீரமைப்பது பற்றி அவர் எழுதிய அறிக்கை இன்னும் சுவாரஸ்யமானது. இயற்கை வளமும் விவசாயமும், கைத்தொழிலும் வர்த்தகமும், போக்குவரத்து, தொழிலாளர் நலமும் சமூக சேவையும் என்று மந்திரி இலாகாக்களை நான்கு கூட்டங்களாக ஒருங்கிணைக்க வேண்டும் என்றார் அவர். அது நடக்கவில்லை. எத்தனை இலாகா இருக்க வேண்டும் என்பதை நிர்வாக வசதி தீர்மானிக்கும் என்று நம்பியவர், எத்தனை பேருக்கு மந்திரிப் பதவி கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கும் என்ற அரசியல் பாலபாடத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

1950 டிசம்பரில் பட்டேல் காலமானதும், லாரித் தகராறு நடந்த அதே சமஸ்தான இலாகா ஐயங்காரிடம் வந்தது. 1952-இல் புதிய ராஜ்ய சபையின் முதல் அவை முன்னவர், ராணுவ மந்திரி. அந்த ஆண்டு ஆகஸ்டு இறுதியில், எழுபது வயதில், ஜெனீவாவுக்குப் பயணம். ஐக்கிய நாடுகளின் பிரதிநிதி டாக்டர் கிரஹாம் முன்னிலையில் காஷ்மீரத்தில் யார் எவ்வளவு படை வைத்துக்கொள்வது என்று பேச்சு. எதிரே ஜாபருல்லா கான். நாலரை வருஷத்துக்கு முன் கண்ட அதே முகம், அதே கேள்வி. இந்த முறை சபை இல்லை, கேட்டு ஆரவாரிக்க எவரும் இல்லை, மேஜை மட்டுமே. ஆகவே ஐயங்கார் விட்டுக்கொடுக்காமல் சமமாக நின்றார். உடன்பாடு ஏற்படவில்லை. 1953 பிப்ரவரி 10-இல், ராணுவ மந்திரியாக இருக்கையிலேயே, சென்னையில் காலமானார்.

அவருடைய குமாரர் ஜி. பார்த்தசாரதியைப் பத்திரிகைகளின் மூலம் உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். 1983-க்குப் பின் இலங்கைத் தமிழர் பிரச்சினையில் தூது போனவர் அவர்தான். அதற்கு முன்பே, இந்திரா காந்தியின் சார்பில், ஷேக் அப்துல்லாவோடு சமரசம் பேசும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1974 நவம்பரில் முடிந்த ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் பார்த்தசாரதி கையொப்பமிட, மறு பக்கம் கையொப்பமிட்டவர் மிர்ஸா அப்ஸல் பேக். 1949-இல் தகப்பனார் 306-ஏ ஷரத்தைப் பிரேரேபித்த நாட்களில் அரசியல் நிர்ணய சபையில் காஷ்மீரத்தின் நான்கு பிரதிநிதிகளில் ஒருவராக இருந்தவர் இதே பேக். ஒப்பந்தத்தின் முதல் வாசகம், காஷ்மீரத்துக்கும் யூனியனுக்கும் உள்ள உறவை 370-ஆவது ஷரத்தே தொடர்ந்து நிர்வகிக்கும் என்பது.

அந்த ஷரத்தில் ஒரு விடுபாடு உண்டு. இவ்வளவு ஜாக்கிரதையான கையிலிருந்து அது எப்படி நழுவியது என்று சட்டம் படித்தவர்கள் இன்னும் வியக்கிறார்கள். ஷரத்தை ரத்துச் செய்யக் காஷ்மீர அரசியல் நிர்ணய சபையின் சிபாரிசு வேண்டும் என்று எழுதியவர், அந்தச் சபை எந்தச் சிபாரிசும் செய்யாமலே கலைந்துபோனால் என்ன செய்வது என்று எழுதவில்லை. சபை 1957-இல் அப்படியே கலைந்தது. தற்காலிகம் என்று தலைப்பிட்ட ஷரத்து அறுபத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2019 ஆகஸ்டில் அதைச் செயலற்றதாக்கிய பிறகு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. சபை கலைந்ததால் ஷரத்து நிரந்தரமாகிவிட்டது என்றது ஒரு கட்சி, கலைந்த பிறகும் ஜனாதிபதியின் அதிகாரம் போகவில்லை என்றது மற்றக் கட்சி. 2023 டிசம்பர் 11-இல் ஐந்து நீதிபதிகள் இரண்டாவது கட்சியை ஏற்றுத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பில், ஷரத்தின் நோக்கம் இன்னதென்று அறிவதற்காக, 1949 அக்டோபர் 17-ஆம் தேதி கோபாலசாமி ஐயங்கார் சபையில் பேசிய பேச்சை நீதிபதிகள் எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். இரு தரப்பு வக்கீல்களும் அதையே தங்கள் தங்களுக்குச் சாதகமாகக் காட்டினார்கள்.